மரணத்தோடு சமாதானம்: ஐர்லாந்து நாடகாசிரியர் ஸிங்

ஒரு தேசத்து ஜனங்களின் மனவலிமையை அறிய விரும்புவோர் அவர்களுடைய வெற்றிகளைக் கணக்கெடுப்பது வழக்கம். வீட்டு நடுவில் பிணம் கிடக்கும்போது அவர்கள் எவ்விதம் நடந்து கொள்கிறார்கள் என்பதைக் கவனித்து அதைக் கொண்டு அவர்களை மதிப்பிடுவோர் மிகச் சிலர். அச்சிலரில் ஒருவர் ஐர்லாந்தின் நாடகாசிரியராகிய ஜான் மில்லிங்டன் ஸிங். பெயர் பஞ்சாபியருடையதைப் போல ஒலித்தாலும், அவர் டப்ளின் நகரை அடுத்த ஓர் ஊரில், இங்கிலீஷ் வமிசத்துப் பிராடெஸ்டெண்டுக் குடும்பமொன்றில் பிறந்தவர். அவர் ஜீவித்திருந்தது 37 வருஷங்களே. அவருக்குக் கீர்த்தியளித்த நாடகங்கள் யாவும் கடைசி ஏழு வருஷங்களுக்குள் எழுதப்பட்டவை. அவை ஆறே, அவற்றிலும் ஒன்று முடிவு பெறாதது. அவற்றுள் அரைமணி நேரத்தில் ஆடி முடிந்துவிடும் ஒரு சிறு நாடகம், மரணத்தைப் பற்றி அத்தலைமுறையில் இங்கிலீஷ் பாஷையில் எழுதப்பட்டவை எல்லாவற்றிலும் சிறந்தது என்பது நமது அபிப்பிராயம்.

இத்தகையவரை அவர் காலத்துத் தேசபக்தர்களில் பலர் தூற்றினார்கள். தூற்றியவர்களில் முன் நின்றவர்கள் பத்திரிகாசிரியர்கள். ஆகையால் அவருடைய சரித்திரம் பத்திரிகை நடத்துவோர் அனைவரும் நினைவில் வைக்கத்தக்கது.

ஸிங் 1871-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 16-ந் தேதி ராத்பார்னம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு பாரிஸ்டர். மறு வருஷமே வைசூரி கண்டு இறந்து போனார். தாயாரின் தந்தை கார்க் ஜில்லாவில் பாதிரியாராக இருந்தவர்; 1847-ம் வருஷத்துப் பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவளிக்கப் பாடுபட்டு, பஞ்ச ஜுரம் தம்மையும் பற்ற, அதனால் மாண்டவர். ஆக, குழந்தை கண் திறக்கும் முன்னரே வீட்டில் மரணம் குடிபுகுந்திருந்தது. அவருக்கும் சிறு பிராயம் முதல் மூச்சிரைப்பு இருந்தபடியால், பள்ளிக்கூடத்துக்கு அதிகமாகப் போகாமல் வீட்டிலேயே பாடம் கேட்டார். தாயார் பக்தியும் கண்டிப்பும் உள்ளவர். நரகத்தைப் பற்றி அவர் போதித்தவை பிள்ளையின் உள்ளத்தில் பெரும் பயத்தை விளைத்தன.

பதினான்கு வயதளவில் அவர் டார்வினுடைய நூலொன்றைப் படிக்க நேர்ந்தது. மனிதனுடைய கைக்கும் வௌவாலின் இறக்கைக்கும் உள்ள ஒப்புமையைக் கூறும் பகுதிக்கு வந்தவுடன், தாம் கற்ற வேதத்தின் அஸ்திவாரமே ஆடுவதைக் கண்டு புஸ்தகத்தை எறிந்துவிட்டார். சில வருஷங்களுக்குள் அவருக்குக் கிறிஸ்து மதத்தில் இருந்த நம்பிக்கை முற்றும் நீங்கிற்று. பின்னர் அவர் ஒரு பெண்ணை மணக்க விரும்பியபோது, அவிசுவாசி என்னும் காரணத்தைக் கொண்டே அவள் மறுத்துவிட்டாள். மோக்ஷமும் நரகமும் இல்லையென்று கொண்டவனுக்கு மரணம் இன்னும் பெரிய கேள்வியாகிறது. அதற்கு விடை தேடும் கடமையை ஸிங் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தார்.

மற்றொரு கேள்வியும் அவருக்கு வீட்டிலேயே எழுந்தது. அவருடைய தமையனார் ஒருவர் ஜமீன் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்து, 1880-களில் குத்தகை செலுத்த இயலாத குடியானவர்களை வீட்டை விட்டு வெளியேற்றி வந்தார். ஸிங் இதைக் குறித்துத் தாயாரிடம் வாதாடினார். குத்தகைப் பணம் வராவிட்டால் நம் குடும்பம் எதைக் கொண்டு ஜீவிக்கும் என்பது தாயாரின் மறுமொழி. அந்தப் பணத்தில் உண்டு வளர்ந்த பிள்ளைக்கு அதன் பின்பு தம் வகுப்பாரோடு மனம் ஒட்டவில்லை. குடியானவர்களின் பக்கம் சாய்ந்தாலும் அவர்களில் ஒருவராகிவிட அவரால் முடியாது. இவ்வாறு இரு கரைக்கும் அந்நியராக நின்றமையே பிற்காலத்தில் அவர் கண்ணுக்குக் கூர்மையளித்தது எனலாம்.

1889-ம் வருஷம் டப்ளினிலுள்ள டிரினிடி கலாசாலையில் சேர்ந்து ஐரிஷ் பாஷையும் ஹீப்ரு பாஷையும் கற்றார். பிடில் வாசிப்பில் பெரு விருப்பங்கொண்டு, சங்கீதத்தையே தொழிலாகக் கொள்ள எண்ணி 1893-ல் ஜெர்மனிக்குச் சென்றார். சபையில் நின்று வாசிக்கும்போது கூச்சம் அவரை மேற்கொண்டது. ஆகவே அதைக் கைவிட்டு, 1895-ல் பாரிஸ் நகரஞ் சென்று இலக்கியம் படிக்கலானார். வருஷத்துக்குச் சுமார் 40 பவுன் வருமானத்தைக் கொண்டு ஜீவனம் செய்து, பிரெஞ்சு நூல்களை விமரிசனஞ் செய்ய முயன்று வந்தார். வயது 25 ஆகியும், உலகம் கவனிக்கத்தக்க ஒரு வரியும் அவர் எழுதவில்லை.

1896-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் கவி யேட்ஸ் பாரிஸில் அவரைச் சந்தித்தார். ஐர்லாந்தின் மேல் கரைக்கப்பாலுள்ள ஆரன் தீவுகளை அவ்வருஷந்தான் பார்த்துவிட்டு வந்திருந்த யேட்ஸ், அங்கே சென்று அந்த ஜனங்களோடு வசிக்கும்படியும், இதுவரை எவரும் வாய் திறந்து சொல்லாத அவர்களுடைய வாழ்க்கையை எழுதும்படியும் யோசனை கூறினார். ஸிங் உடனே புறப்படவில்லை. மறு வருஷம் அவருடைய கழுத்தில் ஒரு கட்டி எழும்பிற்று. டிஸம்பரில் டப்ளினில் ரண சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். அது ஹாட்ஜ்கின் நோயின் முதற் குறி. இக்காலத்தில் அந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்த முடிகிறது. அக்காலத்தில் அதற்கு மருந்தே இல்லை. தம்முள் வந்து தங்கிய விருந்தாளி யார் என்று அவருக்கு அப்போது தெரியாது. ஐந்து மாதம் கழித்து, 1898-ம் வருஷம் மே மாதத்தில், அவர் ஆரன் தீவுகளில் வந்திறங்கினார்.

கால்வே விரிகுடாவின் வாயில் கிடக்கும் அம்மூன்று தீவுகளும் சுண்ணாம்புப் பாறைகள். பாறையின் மேல் மணலையும் கடற்பாசியையும் சுமந்து கொண்டுவந்து பரப்பி, ஜனங்கள் தாங்களே மண் உண்டாக்கி உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். மரச் சட்டத்தின் மேல் கித்தானை இழுத்துக் கட்டித் தார் பூசிய இலேசான தோணிகளில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்குள் சென்று மீன் பிடித்தார்கள். ஸிங் நடுத் தீவாகிய இனிஷ்மானில் ஒரு குடிசையில் தங்கி, அவர்களோடு உண்டு, ஐரிஷ் பாஷையில் அவர்களோடு பேசி, கணப்படுப்பருகில் கிழவர்கள் சொன்ன கதைகளைக் குறித்துக் கொண்டார். 1902 வரை ஐந்து முறை அங்கே சென்று தங்கினார்.

அங்கே அவர் கண்ட சவ அடக்கங்கள் இரண்டு. ஒன்று எண்பது வயது கடந்த மூதாட்டியினுடையது. மற்றொன்று கடலில் மாண்ட வாலிபனுடையது. குழி தோண்டும்போது பெண்கள் கல்லறைகளின் மேல் சாய்ந்து ஆடி ஒப்பாரி வைத்தார்கள். அவ்வழுகை இறந்த ஒருவருக்காக மட்டும் எழுந்ததன்று, காற்றோடும் கடலோடும் மாளாத போர் புரியும் அத்தீவார் அனைவரின் உள்ளக் குமுறலும் அதில் வெளிப்பட்டது என்று அவருக்குத் தோன்றிற்று. ஆனால் குழி மூடியதும் அதே ஜனங்கள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றாடக் காரியங்களைப் பேசத் தொடங்கினார்கள். தம்மோடு அன்பாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் மரண தண்டனை விதிக்கப்பட்டவரே என்னும் எண்ணம் ஸிங்கை விட்டு அகலவில்லை. அவர்களும் அதை அறிவார்கள். அறிந்தே மறுநாட் காலையில் தோணியைக் கடலில் தள்ளினார்கள்.

அவர் அத்தீவில் இருந்த நாட்களில், தொலைவில் டானெகால் கரையில் ஒதுங்கிய பிரேதமொன்றை, அதன் உடைகளைக் கொண்டு இன்னானென்று தீர்மானிக்க வேண்டியிருந்ததாகக் கேள்விப்பட்டார். அதிலிருந்து பிறந்ததே, கடலை நோக்கிச் சவாரி போவோர் என்று பொருள்படும் ரைடர்ஸ் டு தி ஸீ என்னும் நாடகம். 1902-ல் எழுதப்பட்டு, 1904-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 25-ந் தேதி டப்ளினில் முதன்முதலாக ஆடப்பட்டது.

மோரியா என்னும் கிழவி மாமனாரையும் கணவனையும் நான்கு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். ஐந்தாவது மகன் மைக்கேல் ஒன்பது நாளாகக் காணப்படவில்லை. கடைசி மகன் பார்ட்லி குதிரைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகப் புறப்படுகிறான். கடவுள் அவளை ஒரு பிள்ளையுமில்லாமல் விட்டுவிட மாட்டார் என்று இளம் பாதிரியார் தேறுதல் கூறியிருக்கிறார். கடலை அவர் என்ன கண்டார் என்பது கிழவியின் எண்ணம். மகனைத் தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. மைக்கேலின் சவப்பெட்டியை இறக்குவதற்கென்று வைத்திருந்த புதுக் கயிற்றையே குதிரைக்கு வாராகக் கட்டிக்கொண்டு போகிறான். கோபத்தில் அவள் ஆசி கூறாமல் விட்டுவிடுகிறாள். மக்கள் இருவரும் அவளை அவன் பின்னே அனுப்பிவிட்டு, டானெகாலிலிருந்து வந்த துணிமூட்டையை அவிழ்க்கிறார்கள். காலுறையின் கண்ணிகளை எண்ணிப் பார்த்து, தாங்களே பின்னியதென்று தெளிந்து, மைக்கேல் மாண்டான் என்று அறிகிறார்கள். கிழவியோ வழியில் பார்ட்லியைக் கண்டும் ஆசிமொழி தொண்டையில் சிக்கிக்கொள்ளத் திரும்பி வருகிறாள். அவன் பின்னே வந்த குதிரையின் மேல் மைக்கேல் புத்தாடையும் புதுச் செருப்பும் அணிந்து வருவதைக் கண்டதாகச் சொல்கிறாள். மாண்ட பிள்ளையொருவனைச் சிவப்புப் பாயில் நீர் சொட்டச் சொட்டத் தூக்கி வந்த பழைய நாளை அவள் வருணித்துக் கொண்டிருக்கும்போதே கதவு திறக்கிறது. பார்ட்லியின் உடலை அதே விதமாகத் தூக்கி வருகிறார்கள். குதிரை அவனைக் கடலில் தள்ளிவிட்டது.

இவ்விடத்தில் வேறொரு நாடகாசிரியர் தாயை மார்பிலடித்துக்கொண்டு விழும்படி செய்திருப்பார். ஸிங் அவ்விதம் செய்யவில்லை. கிழவியின் குரல் தணிகிறது. இனிக் கடலால் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்பதை உணர்கிறாள். புயலடிக்கும் இரவுகளில் எழுந்து பிரார்த்திக்க வேண்டிய வேலை தீர்ந்தது. இனித் தன் ஆகாரம் ஈர மாவும் கெட்டுப்போன மீனுமாக இருக்கலாம் என்பதையும் அவள் அறிவாள். பெட்டி செய்யப் பலகை இருக்கிறது. ஆணி வாங்க மறந்துவிட்டாள். அத்தனை சவப்பெட்டிகளைக் கண்டவள் ஆணியை மறந்தாளே என்று அயலார் வியக்கிறார்கள். அவள் மைக்கேலின் துணியின் மேலும் பார்ட்லியின் உடலின் மேலும் தீர்த்தம் தெளித்து, மாண்டவர்களுக்காக வேண்டிக்கொண்டு, அதன்பின் தனக்காகவும், கடைசியில் உலகத்தில் உயிரோடிருக்கும் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்கிறாள். எவரும் என்றென்றும் வாழ்வதில்லை என்னும் அறிவோடு அமைகிறாள்.

இந்த அமைதியை விதிவாதம் என்று சிலர் குறை கூறுவர். அவ்விதம் கொள்வது பிழை. மோரியா முன்கூட்டியே சரணடைந்தவளல்லள். கடைசி மகன் வாசற்படி தாண்டும் வரையில் போராடினாள். இழப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையிலும் அவளிடம் கொடுப்பதற்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. அது முன்பின் அறியாத மனிதருக்காக அவள் செய்யும் பிரார்த்தனை. துக்கம் பெரும்பாலோருடைய மனத்தைச் சுருக்குகிறது. அவளுடைய மனம் அதே துக்கத்தால் உலகளவு விரிகிறது. நம்பிக்கையிழந்த ஒருவர் நம்பிக்கையுள்ள கிழவியை வைத்து இதை எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பாதிரியாரின் உறுதிமொழி பொய்த்த பின்னரும் நிலைநிற்கும் வலிமை எதுவோ அதையே அவர் தேடினார். அதைத் தீவுக் குடிசையில் கண்டார்.

மேடையில் பிரேதத்தை அவ்வளவு நேரம் கிடத்தியிருப்பது கலையாகாது என்று டப்ளின் பத்திரிகையொன்று எழுதிற்று. கதாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1903-ல் இதைக் கையெழுத்துப் பிரதியில் படித்து, அரிஸ்டாட்டிலின் இலக்கணத்துக்கு இது பொருந்தவில்லையென்றார். பின்னர் அவரே இதை இத்தாலிய பாஷையில் மொழிபெயர்க்க முற்பட்டார். நல்ல நூல் தன்னைக் குறை கூறியவனையும் விட்டு நீங்குவதில்லை.

ஆனால் ஸிங்குக்கு நேர்ந்த பெரும் எதிர்ப்பு வேறு நாடகங்களால் வந்தது. 1903-ல் ஆடப்பட்ட ஒன்றில், கிழக் கணவனோடு மனமொவ்வாத ஒரு பெண் நாடோடியொருவனோடு வெளியேறிவிடுகிறாள். ஐரிஷ் பெண் அவ்விதம் செய்யாள் என்று தேசியத் தலைவரும் பத்திரிகாசிரியருமான ஆர்தர் கிரிபித் கண்டித்தார். கதையோ ஸிங் இனிஷ்மானில் ஒரு கிழவன் வாயாற் கேட்டது. 1907-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி அபி நாடகசாலையில் பிளேபாய் என்னும் நாடகம் அரங்கேறிற்று. தகப்பனைக் கொன்றதாகக் கூறிக்கொண்டு வரும் வாலிபனை ஒரு கிராமத்தார் வீரனாகக் கொண்டாடுவதும், கொல்லப்பட்டவன் உயிரோடு வந்து நிற்பதும் அதன் கதை. மூன்றாவது அங்கத்தில் பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் வந்ததும் சபையில் கூச்சல் எழுந்தது. அவ்வாரம் முழுவதும் போலீஸார் காவலில் நாடகம் நடந்தது. நடிகர்களின் வாய் அசைந்ததேயன்றிப் பேச்சுப் பலநாள் கேட்கவில்லை. யேட்ஸும் கிரெகரி சீமாட்டியும் பின்வாங்கவில்லை. ஸிங் நோயுற்றுப் படுத்துவிட்டார்.

எதிர்த்தவர்களின் நெஞ்சில் வஞ்சகமில்லை. நூற்றாண்டுகளாக அவர்களைக் குடிகாரரென்றும் கோமாளிகளென்றும் அந்நியர் மேடையில் காட்டிப் பரிகசித்தனர். இனித் தங்கள் சொந்த மேடையிலாவது குற்றமற்றவராகத் தோன்ற வேண்டுமென்று அவர்கள் விரும்பியது இயல்பே. ஆயினும் குறையே இல்லாத ஜனங்கள் எந்நாட்டிலும் இல்லை. குறையை மறைத்தவன் பெருமையையும் நம்பும்படி காட்ட முடியாது. மோரியாவைப் படைத்த கண்ணும் பிளேபாயைப் படைத்த கண்ணும் ஒன்றே. தம் ஜனங்களைப் புகழ்ந்து பேசியவர்கள் பலர். அவர்கள் எதைத் தாங்கி நிற்கிறார்கள் என்று காட்டியவர் ஸிங்.

இதற்கிடையில் நோய் தன் காரியத்தை நடத்திவந்தது. மாலி ஆல்குட் என்னும் நடிகைக்கும் அவருக்கும் 1906-ல் விவாகம் நிச்சயமாயிற்று. அவள் அவரிலும் ஏறக்குறைய 15 வயது இளையவள், கத்தோலிக்க மதத்தினள், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள். குடும்பத்தாரின் அதிருப்தியும் பணக்குறையும் விவாகத்தைத் தள்ளிவைத்தன. 1907-ல் மறுபடியும் கழுத்தில் ரண சிகிச்சை நடந்தது. 1908-ம் வருஷம் தம்பதியர் குடியிருக்க வீடும் பார்த்தாயிற்று. மே மாதத்தில் வயிற்றில் கட்டி கண்டது. வைத்தியர்கள் திறந்து பார்த்து, எடுக்க முடியாதென்று கண்டு, அவருக்குச் சொல்லாமலே தைத்து மூடிவிட்டார்கள். ஆனால் சிகிச்சைக்குப் போகுமுன்பே அவர், தாம் இறந்தால் தம் கையெழுத்துப் பிரதிகளைக் காக்கும்படி யேட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். வக்கீல் தொழில் பழகியவர்கள் மரண சாசனங்கள் பலவற்றைப் பார்த்திருப்பார்கள். நிலமும் பொன்னுமின்றி, எழுதி முடிக்காத காகிதங்களைக் குறித்து மட்டும் கவலைப்பட்ட சாசனம் அரிது.

அக்டோபரில் அவர் ஜெர்மனியில் இருந்தபோது தாயார் காலமானார். அடக்கத்துக்கு வந்து சேரும் பலம் அவருக்கில்லை. மதத்தாலும் எண்ணங்களாலும் பிரிந்தும், அன்பினால் கடைசிவரை பிரியாத தாயையும் மகனையும் மரணமும் தனித்தனியே அழைத்துக்கொண்டது. வீடு திரும்பியவர் மிகுந்திருந்த பலத்தையெல்லாம் டெய்ர்ட்ரே நாடகத்திற் செலுத்தினார். காதலனோடு காட்டில் ஏழு வருஷம் வாழ்ந்த டெய்ர்ட்ரே, நாட்டுக்குத் திரும்பினால் அழிவு நிச்சயமென்று அறிந்தும் திரும்புகிறாள். முதுமை வந்து அன்பு தேய்வதைக் காண்பதினும், நிறைந்த வாழ்வோடு குழிக்குள் இறங்குவது மேல் என்பது அவள் துணிவு. தீவில் பிறருடைய மரணத்தைப் பார்த்து எழுதியவர், இங்கே தம்முடையதைப் பார்த்து எழுதினார். எனினும் தம்மைப் பற்றி ஒரு புலம்பலையும் அதிற் சேர்க்கவில்லை.

1909-ம் வருஷம் பிப்ரவரியில் டப்ளினில் ஒரு வைத்திய விடுதியிற் சேர்ந்தார். மார்ச்சு மாதம் 24-ந் தேதி உயிர் நீத்தார். 38 வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. முடிவு பெறாத நாடகத்தை யேட்ஸும் கிரெகரி சீமாட்டியும் மாலியும் ஒழுங்குபடுத்தினர். 1910-ம் வருஷம் ஜனவரி மாதம் 13-ந் தேதி அது அரங்கேறியபோது டெய்ர்ட்ரேயாக நடித்தவள் மாலியே. பத்து மாதத்துக்கு முன் தன் காதலரை இழந்தவள், மேடையிலே திறந்த குழியின் பக்கத்தில் நின்று அவர் எழுதிய மொழிகளைக் கூறினாள்.

கூறாமல் விடக்கூடாத செய்தி இன்னுமொன்று உண்டு. 1907-ல் பிளேபாயைத் தம் பத்திரிகையிற் கடுமையாகத் தாக்கியவர்களில் பாட்ரிக் பியர்ஸ் ஒருவர். அவரே 1913-ல், ஸிங்கை ஐர்லாந்தை நேசித்த தேசபக்தரென்று பகிரங்கமாக எழுதினார். மூன்று வருஷம் கழித்து, 1916-ம் வருஷத்து எழுச்சியை நடத்தி, மே மாதம் 3-ந் தேதி இங்கிலீஷ்காரரால் சுடப்பட்டு மாண்டார். மறுநாள் அவருடைய தம்பியும் சுடப்பட்டார். தம் கடைசி நாட்களில் பியர்ஸ் எழுதிய செய்யுட்களில் ஒன்று, இரு பிள்ளைகளையும் பறிகொடுக்கும் ஒரு தாயின் வாய்மொழியாக அமைந்தது. ஸிங்கிடமிருந்து அவர் அதைக் கற்றாரென்று நாம் சாதிக்கவில்லை. தீவிலே ஒரு கிழவியின் வீட்டில் ஸிங் கண்டது ஐர்லாந்தின் பல வீடுகளில் இருந்ததென்பது மட்டும் அதனால் விளங்கிற்று.

ஸிங்கை நோக்கிக் கூச்சலிட்டவர்கள் தங்கள் ஜனங்களின் மானத்தைக் காப்பதாக எண்ணினார்கள். அம்மானத்துக்குச் சாட்சியாக இன்று பல தேசத்து மேடைகளில் நிற்பவள் அவர் படைத்த மோரியாவே. ஜனங்களுக்காக உழைக்கிறோம் என்று எண்ணும் ஒவ்வொருவரும், அவர்களைப் பற்றி உண்மை கூறுபவன்மேல் கல்லெறியுமுன் ஒரு கணம் தாமதிப்பார்களாக. தவறை ஒப்புக்கொண்ட பியர்ஸின் வழி, தவறே செய்யாதவர்களின் வழியைவிட நமக்கு அண்மையிலுள்ளது. மரணம் நம் வாசலில் வந்து நிற்கும் நாளில், அந்தக் கிழவியைப் போல, எஞ்சியிருப்பவர் அனைவருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளும் வலிமை நமக்கும் இருக்குமாயின், ஸிங் வாழ்ந்த 37 வருஷங்களும் வீண் போகவில்லையென்று கொள்ளலாம்.